ஃபால்ட் பக்கத்துல நிலம் எவ்ளோ வளையுதுன்னு ஜிபிஎஸ் வச்சு அளக்குறது எப்படி

வீடு கட்டுற இடத்துல நின்னிருந்தா கொத்தனார் "ஒரு நூல் இறக்கு, ரெண்டு நூல் ஏத்து"ன்னு சொல்றது காதுல விழுந்திருக்கும். ஒரு நூல்னா அரைக்கால் இன்ச், கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். ஃபால்ட்னா நிலத்துல பாறை ரெண்டா பிளந்து ஒன்ன ஒன்னு உரசி நகர்ற கோடு. கலிஃபோர்னியால சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்டோட ஒரு பக்கம் இன்னொரு பக்கத்த விட்டு வருஷத்துக்கு சுமார் 34 மில்லிமீட்டர், நம்ம கணக்குல பத்து பதினோரு நூல் நகருது. அதை 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்ட வச்சு ஒரு நூலுக்கும் கம்மியான தப்போட அளக்கணும். முடியும், பல வருஷமா பண்ணிட்டும் இருக்காங்க, ஆனா எங்க கவனமா இருக்கணுமோ அங்க கவனமா இருந்தா மட்டும் தான் வரும். ரிசீவர் கையில இல்லாதவங்களும் படிங்க, பின்னாடி வீட்டுல உக்காந்துட்டே ஃப்ரீ டேட்டாவ வச்சு பண்ற வழியும் சொல்றேன்.

முதல்ல எதை அளக்குறோம்னு தெளிவாகணும், ஏன்னா புதுசா வர்ற எல்லாரும் இங்க தான் தடுமாறுறாங்க. ஃபால்ட் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவுல நூறு மீட்டர், ரெண்டும் எவ்ளோ விலகுதுன்னு பார்த்தா போதும்னு தோணும். சான் ஆண்ட்ரியாஸ் ஓடுற கரீசோ சமவெளியில அப்படி வச்சுட்டு பத்து வருஷம் காத்திருந்தாலும் ஒன்னும் தெரியாது. மழைக்காலத்துல ஊறிப்போன மரக்கதவ நெனச்சுக்கோங்க, நிலையில இறுகிப் பிடிச்சிருக்கும், நீங்க தள்ள தள்ள பலகை தான் லேசா வளையும், பிடிச்சிருக்குற விளிம்பு அசையாது, திடீர்னு ஒரு நொடியில விட்டுக்கொடுத்து தடால்னு தொறக்கும். பூட்டிக்கிட்ட ஃபால்ட்டும் அப்படித்தான். மேல இருந்து சுமார் 15 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் பாறை ஒன்னோட ஒன்னு இறுகியிருக்கு, அதுக்குக் கீழ சூடு அதிகம், அங்க சத்தமில்லாம வழுக்கிட்டே இருக்கு. மேல இருக்குற நிலம் அந்த இழுப்புக்கு வளையுது. நம்ம அளக்குறது அந்த வளைவ.

1973ல சாவேஜ், பர்ஃபோர்ட்னு ரெண்டு பேர் இதுக்கு ஒரு எளிய ஃபார்முலா கொடுத்தாங்க, இன்னைக்கும் முதல் கணக்கு அதுல தான் ஆரம்பிக்கும். ஃபால்ட்டுல இருந்து உங்க புள்ளி இருக்குற தூரத்த பூட்டு ஆழத்தால, அதாவது பாறை இறுகியிருக்குற ஆழத்தால வகுங்க, அதுக்கு ஆர்க்-டேன் எடுங்க, அதை மொத்த வேகத்தால பெருக்கி பை-யால வகுங்க, அவ்ளோதான், எக்செல்லயே வரும். 34 மில்லிமீட்டர் வேகம், 15 கிலோமீட்டர் ஆழம்னு போட்டா ஃபால்ட்டுல இருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருக்குற புள்ளிக்கு வருஷத்துக்கு 0.7 மில்லிமீட்டர் தான் வரும். 15 கிலோமீட்டர்ல 8.5, 30ல 12, 45ல 13.5. ஆக கோட்டுக்குப் பக்கத்துல ஒன்னுமே நடக்காத மாதிரி இருக்கும், தள்ளிப்போகப் போகத் தான் கணக்கு வெளிய வரும்.

அதனால புள்ளிகள ஃபால்ட்டுக்கு குறுக்கா ஒரு வரிசையா வைக்கணும், ரெண்டு பக்கமும் 2, 5, 10, 15, 30, 60 கிலோமீட்டர்னு. பக்கத்துல இருக்குறது பூட்டு ஆழத்த சொல்லும், தூரத்துல இருக்குறது மொத்த வேகத்த சொல்லும், ரெண்டும் வேணும். கரீசோல மேற்கு பக்கம் 60, 70 கிலோமீட்டர் போனா கடல் வந்துடும், அது நம்ம கையில இல்ல. கிழக்கு பக்கம் டெம்ப்ளர் மலைய தாண்டினா சான் வாக்கீன் பள்ளத்தாக்கு, அங்க புள்ளி வைக்க ஆசைப்படாதீங்க. விவசாயத்துக்கு போர் போட்டு தண்ணி இழுத்து சில இடங்கள்ல நிலம் வருஷத்துக்கு 20, 30 சென்டிமீட்டர் கூட இறங்கியிருக்கு, லாஸ்ட் ஹில்ஸ், பெல்ரிட்ஜ் பக்கம் எண்ணெய் எடுக்குறதால இறங்குது. இறங்குற நிலம் நேரா மட்டும் இறங்காது, பள்ளத்தோட நடுவப் பார்த்து பக்கவாட்டுலயும் சாயும், நீங்க அதை ஃபால்ட் வேகம்னு எழுதிடுவீங்க. பள்ளத்தாக்க விட்டுட்டு அந்தப்பக்கம் சியரா நெவாடா மலை அடிவாரத்து கருங்கல்லுக்கு போங்க, நூறு கிலோமீட்டருக்கு மேல ஆனாலும் பரவால்ல.

பூட்டாத ஃபால்ட் வேற கதை. பார்க்ஃபீல்டுங்கற ஊருக்கு வடக்க சான் ஆண்ட்ரியாஸ் ஒரு நீளத்துக்கு பூட்டே இல்லாம வழுக்கிட்டு இருக்கு, ஹாலிஸ்டர் ஊருக்குள்ள காலவெராஸ் ஃபால்ட் ஓடுற தெருவுல நடைபாதை ஓரக்கல்லும் மதிலும் வளைஞ்சு நிக்கிறத கண்ணாலயே பார்க்கலாம். அங்க மட்டும் தான் ரெண்டு புள்ளி நூறு மீட்டர்ல வச்சாலும் பலன் தெரியும்.

சரி, புள்ளி எதுல வைக்கிறது? மண்ணுல வேண்டவே வேண்டாம். களிமண் மழைக்கு உப்பி வெயிலுக்கு சுருங்கும், அது ஒன்னு ரெண்டு நூல் ஆட்டத்த சாதாரணமா காட்டும். நல்ல பாறை வெளிய தெரியுற இடமா தேடி, ட்ரில் போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் ஒன்ன எபாக்ஸி போட்டு இறக்குங்க, தலையில ஒரு சின்ன குழி இருக்கணும், அந்த குழியோட நடு தான் உங்க புள்ளி. பாறை மேல சுத்தியலால தட்டிப் பாருங்க, கணீர்னு சத்தம் வந்தா ஒட்டின பாறை, டொப்புனு வந்தா உள்ள விரிசல் இருக்குற உதிரிக் கல்லு, விட்டுடுங்க. நிரந்தரமா ஸ்டேஷன் போடுறவங்க பல இரும்புக் கால்கள சாய்வா 10 மீட்டர் ஆழத்துக்கு ட்ரில் பண்ணி மேல ஒன்னா வெல்டு வைப்பாங்க, மேல்மண்ணோட ஆட்டம் ஏறக்கூடாதுன்னு. வானம் நல்லா தொறந்திருக்கணும், பக்கத்துல தகர ஷெட், கம்பி வேலி, பெரிய மரம் இருந்தா சிக்னல் அதுல பட்டுத் தெறிச்சு வந்து அளவ கெடுக்கும். கரீசோ மாதிரி பாதுகாக்கப்பட்ட இடத்துல பாறைய தொடுறதுக்கு முன்னாடி கண்டிப்பா பர்மிட் வாங்கணும்.

ரிசீவர் பத்தி சுருக்கமா. போன்ல இருக்குற ஜிபிஎஸ் சாதாரணமா மீட்டர் கணக்குல தான் சொல்லும், ஏன்னா அது சாட்டிலைட் அனுப்புற குறியீட்ட படிக்குது. நமக்கு வேண்டியது அந்த குறியீட்ட சுமந்து வர்ற ரேடியோ அலையையே எண்ணுற ரிசீவர். அலைநீளம் 19 சென்டிமீட்டர், அதுல நூத்துல ஒரு பங்கு வரைக்கும் படிக்க முடியும், அதாவது 2 மில்லிமீட்டர். ரெண்டு அலைவரிசை கண்டிப்பா வேணும், 1575.42 மெகாஹெர்ட்ஸ் ஒன்னு, 1227.60 மெகாஹெர்ட்ஸ் ஒன்னு, ரெண்டையும் சேர்த்தா தான் மேல் வானத்துல மின்னூட்டம் ஏறின அடுக்கான அயனமண்டலத்தால வர்ற தாமதத்த பெருமளவு கழிக்க முடியும். ஆன்டெனா சோக் ரிங் (தெறிச்சு வர்ற சிக்னல தடுக்குற வளையங்கள் உள்ளது) மாதிரி நல்லதா இருக்கட்டும், முக்கியமா ஒரு புள்ளிக்கு எந்த ஆன்டெனா வச்சீங்களோ ஒவ்வொரு வருஷமும் அதே ஆன்டெனாவ அதே புள்ளியில வைங்க, வடக்கு குறிய வடக்கு பார்த்து. ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் சிக்னல் உண்மையில போய் சேர்ற இடம் கொஞ்சம் வித்தியாசப்படும், மாத்தினா அந்த வித்தியாசம் நிலம் நகர்ந்த மாதிரி தெரியும்.

இப்ப ட்ரைபாட். மொத்த வேலையோட உயிரே இந்த அரை மணி நேரத்துல தான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். கால் மூணையும் பாறையில வழுக்காத மாதிரி ஊன்றி, ஒவ்வொரு கால்லயும் மணல் மூட்டை வைங்க. ஆன்டெனாவ தாங்கி மட்டம் பண்ற ட்ரைப்ராக்க மேல மாட்டி, ஸ்க்ரூ மூணையும் திருகி ரசமட்டத்துல குமிழி நடுவுக்கு வர்ற வரைக்கும் சரி பண்ணுங்க. அப்புறம் கீழ பார்க்குற லென்ஸ்ல பின்னோட குழி தெரியும், ட்ரைப்ராக்க மெதுவா நகர்த்தி குறுக்குக் கோடு குழி நடுவுல விழணும். நகர்த்தின உடனே குமிழி போயிருக்கும், திரும்ப ரசமட்டம், திரும்ப லென்ஸ், ரெண்டும் ஒரே நேரத்துல நடுவுல நிக்கிற வரைக்கும் மாத்தி மாத்தி பண்ணணும், அஞ்சு தடவை ஆறு தடவை ஆகும். அந்த லென்ஸே தப்பு காட்டலாம், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே தூக்குக்குண்டு தொங்கவிட்டு ஒத்துப் பாருங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பண்ணிடுங்க, கால் சூடாகி நீளும்.

நடுவுல வைக்கிறதுல 2 மில்லிமீட்டர் தப்புனா என்ன ஆகும்? இந்த வருஷம் ஒரு பக்கம் 2 தப்பி அடுத்த வருஷம் சரியா வச்சா, வருஷத்துக்கு 2 மில்லிமீட்டர்னு இல்லாத வேகம் ஒன்னு வந்துடும். இதே தப்பு பத்து வருஷ இடைவெளியில நடந்தா 0.2 தான். காசு போட்டு வாங்குற எந்த ரிசீவரும் பண்ணாத வேலைய காத்திருக்குற வருஷங்கள் பண்ணும், அதனால தான் இந்தத் துறையில பழைய புள்ளிய யாரும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க. செலவு பண்ண முடிஞ்சா ட்ரைபாடுக்கு பதிலா உயரம் மாறாத ஒத்தக்கம்பி மவுன்ட் வாங்குங்க, நுனி குழியில உக்காரும், உயரம் எப்பவும் ஒன்னு தான், தப்புக்கு வழியே கம்மி.

உயரம்னு சொன்னதும் ஒரு சம்பவம். முதல் வருஷம் நாங்க போனப்ப ஒரு புள்ளியில ஆன்டெனா விளிம்புல இருந்து குழி வரைக்கும் சாய்வா டேப் பிடிச்சு 1.512 மீட்டர்னு நான் எழுதினேன், ஆனா சாய்வு உயரம்னு குறிக்காம வெறும் உயரம்னு எழுதிட்டேன். ஆன்டெனா ஆரம் 0.19 மீட்டர், பித்தாகரஸ் போட்டா நேர் உயரம் 1.500 மீட்டர் தான் வரும். அடுத்த வருஷம் சரியா எழுதினதும் அந்த மலை ஒரே வருஷத்துல 12 மில்லிமீட்டர் அசைஞ்ச மாதிரி கணக்கு வந்துச்சு, ரெண்டு வாரம் எங்க தப்புன்னு தேடினோம். ஆன்டெனாவோட விளிம்புல டேப் வச்சு நிக்கிற போட்டோ ஒன்னு இருந்ததால தப்பிச்சோம். அன்னைல இருந்து மூணு பக்கத்துலயும் அளந்து, மீட்டர்ல ஒரு தடவை இன்ச்ல ஒரு தடவை எழுதி, டேப்போட போட்டோ எடுக்காம நான் எடத்த விட்டு நகர்றதில்ல. சான் ஆண்ட்ரியாஸ் மாதிரி பக்கவாட்டுல நகர்ற ஃபால்ட்டுக்கு உயரத்துல வர்ற தப்பு பெருசா உறுத்தாது, நேபாளம் மாதிரி ஒன்னு மேல ஒன்னு ஏறுற இடத்துல அதுவே ஆளக் கவுத்துடும். 2015 நிலநடுக்கத்துல காத்மாண்டு பள்ளத்தாக்கே சுமார் ஒரு மீட்டர் மேல எழும்பிச்சு, அங்க உயரம் தான் செய்தி.

எவ்ளோ நேரம் ஓட விடணும்னா, ஒரு புள்ளியில குறைஞ்சது 24 மணி நேரம், என்னைக் கேட்டா ரெண்டு மூணு நாள். சாட்டிலைட்டுங்க 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒருக்க வானத்துல அதே வரிசைக்கு திரும்ப வரும், ஒரு முழு சுத்தாவது பதிவானா தெறிப்புத் தப்புகள் ஓரளவு சமமாகும், மூணு நாள் இருந்தா ஒரு நாள் இன்னொரு நாளோட ஒத்துப் போகுதான்னு பார்க்கலாம். 30 நொடிக்கு ஒரு பதிவு போதும். 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, சின்ன சோலார் பேனல், தனி மெமரி கார்டு எடுத்துக்கோங்க. மாடு மேயுற இடமா இருந்தா சுத்தி கயிறு கட்டுங்க, மாடு ட்ரைபாட்ல முதுக தேய்க்கும், காலையில போய் குமிழி நகர்ந்திருந்தா எப்ப நகர்ந்துச்சுன்னே தெரியாது, அந்த நாள் மொத்தமும் போச்சு. வருஷா வருஷம் அதே மாசத்துல போங்க. மழை, பனி, நிலத்தடி நீர் எல்லாம் நிலத்த அழுத்தி விடுவிக்கிறதால வருஷத்துக்குள்ளயே மேல கீழ ஒரு ஆட்டம் உண்டு, 2014 வறட்சியில தண்ணி பாரம் குறைஞ்சு கலிஃபோர்னியா மலைகள் 15 மில்லிமீட்டர் வரைக்கும் உயர்ந்திருந்துச்சு. மார்ச்ல ஒருக்க அக்டோபர்ல ஒருக்கன்னு போனா அந்த ஆட்டம் வேகத்துல கலந்துடும்.

ஃபைல வீட்டுக்கு கொண்டு வந்ததும் கம்பெனி ஃபார்மட்ல இருந்து எல்லா சாஃப்ட்வேரும் படிக்குற ரைனெக்ஸ்ங்கற பொது ஃபார்மட்டுக்கு மாத்துங்க, ஆன்டெனா மாடல் பேரும் உயரமும் ஹெடர்ல சரியா இருக்கான்னு பாருங்க. உடனே கணக்கு போட வேண்டாம். சாட்டிலைட் எங்க இருந்துச்சுன்னு உலக அளவுல ஐஜிஎஸ் அமைப்பு கணக்கு போட்டு இறுதிப் பாதைய வெளியிட ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும், அதுக்கு காத்திருங்க. பெரிய குழுவுல இருக்குறவங்க காமிட், பெர்னீஸ், ஜிப்ஸிஎக்ஸ் மாதிரி சாஃப்ட்வேர் ஓட்டுவாங்க, கத்துக்க மாசக்கணக்கு ஆகும். தனியா பண்றவங்களுக்கு கனடா அரசோட சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி சேவை இருக்கு, ரைனெக்ஸ் ஃபைல ஏத்தினா கணக்கு போட்டு மெயில்ல அனுப்பும், ஃப்ரீ தான். ஸ்டாடிக்னு (ரிசீவர் ஒரே இடத்துல நின்னதுன்னு) தேர்வு பண்ணுங்க, அளவுச் சட்டம், அதாவது எதை வச்சு இடத்த சொல்றோம்ங்கற ரெஃபரன்ஸ் ஃப்ரேம், ஐடிஆர்எஃப்னு தேர்வு பண்ணுங்க. விடை டிகிரி நிமிஷம் விநாடில வரும், வடக்கு-தெற்குல ஒரு விநாடின்னா 30.9 மீட்டர், விநாடில பத்தாயிரத்துல ஒரு பங்கு 3.1 மில்லிமீட்டர், சரியா ஒரு நூல். அதனால நாலாவது தசமத்தோட நிறுத்தாதீங்க, அஞ்சாவதும் எழுதிக்கோங்க.

இந்த விடைய பார்த்ததும் பயப்படாதீங்க, எல்லா புள்ளியும் சேர்ந்து எங்கயோ போயிட்டு இருக்குற மாதிரி தெரியும். ஐடிஆர்எஃப்ங்கறது மொத்த பூமிக்கான சட்டம், அதுல எந்த நிலமும் சும்மா நிக்காது. பெங்களூர்ல இருக்குற ஐஐஎஸ்சி ஸ்டேஷன் அதே சட்டத்துல வருஷத்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல வடகிழக்கா போகுது, சென்னையும் கூடவே போகுது, ரெண்டுக்கும் நடுவுல தூரம் மாறுறதா தெரியாது. நமக்கு வேண்டியது அந்த உள் வித்தியாசம். ஒரு ஸ்டேஷன நிலையா வச்சு மத்ததோட வேகத்துல இருந்து கழிங்க, கிழக்கு தனியா வடக்கு தனியா.

கழிச்சு வந்தத ஃபால்ட் திசைக்கு திருப்பணும். கரீசோல ஃபால்ட் வடக்குல இருந்து மேற்கா சுமார் 40 டிகிரி சாஞ்சு ஓடுது, ஆக வடக்கு வேகத்த 0.766ஆல பெருக்கி, கிழக்கு வேகத்த 0.643ஆல பெருக்கி, முதல்ல இருந்து ரெண்டாவத கழிங்க. உதாரணத்துக்கு ஃபால்ட்டுக்கு ரெண்டு பக்கமும் 30 கிலோமீட்டர்ல ரெண்டு புள்ளி, மேற்குப் புள்ளி கிழக்குப் புள்ளிய விட வடக்கா 18.4, மேற்கா 15.4 மில்லிமீட்டர் போகுதுன்னா, மேற்குங்கறதால கிழக்கு வேகம் மைனஸ் 15.4, கணக்கு போட்டா 24 மில்லிமீட்டர் வரும். மேல சொன்ன ஃபார்முலாவும் ஒரு பக்கத்துக்கு 12 வீதம் 24 தான் சொல்லுது. மீதி 10 இன்னும் வெளிய இருக்கு, அதனால தான் 60 கிலோமீட்டர் புள்ளி கேட்டேன். எல்லா புள்ளியையும் தூரம் ஒரு அச்சு, வேகம் ஒரு அச்சுன்னு வரைஞ்சு, வேகத்தையும் ஆழத்தையும் மாத்தி மாத்தி போட்டு வளைவு எப்ப ஒட்டி வருதுன்னு பாருங்க. ரெண்டும் ஒன்னோட ஒன்னு சேர்ந்து ஏமாத்தும், ஆழத்த கூட்டி வேகத்தையும் கூட்டினா ஏறக்குறைய அதே வளைவு வரும், அப்ப நிலவியல்காரங்க சொல்ற எண்ணோட ஒப்பிடுங்க. கரீசோல வாலஸ் க்ரீக்னு ஒரு ஓடை ஃபால்ட்டத் தாண்டுற இடத்துல சுமார் 130 மீட்டர் விலகி வளைஞ்சு ஓடுது, அந்த விலகல் ஆரம்பிச்சு சுமார் 3,700 வருஷம் ஆச்சு, வகுத்தா வருஷத்துக்கு 35 பக்கம். சாட்டிலைட் சில வருஷத்துல சொல்றதும் ஓடை ஆயிரக்கணக்கான வருஷத்துல சொல்றதும் இவ்ளோ பக்கத்துல வர்றத முதல் தடவை என் சொந்த கிராஃப்ல பார்த்தப்ப ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன்.

இப்ப ரிசீவர் இல்லாதவங்களுக்கு. அமெரிக்க மேற்குல எர்த்ஸ்கோப் அமைப்பு நடத்துற நிரந்தர ஸ்டேஷன்கள் நூத்துக்கணக்குல இருக்கு, நெவாடா பல்கலைக்கழகத்தோட ஜியோடெடிக் லேப் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஸ்டேஷனோட தினசரி இடத்த கணக்கு போட்டு ஃப்ரீயா போடுது. தேதி, கிழக்கு, வடக்கு, உயரம்னு தனித்தனி நெடுவரிசையா இருக்குற டெக்ஸ்ட் ஃபைல், எக்செல்ல தொறக்கலாம். ஃபால்ட்டுக்கு குறுக்கா பத்து ஸ்டேஷன் எடுங்க. வேகம் எடுக்க நேர்கோடு போடுறத விட அந்த லேப்காரங்க பண்ற முறை நல்லது, ஒவ்வொரு நாளோட இடத்தையும் சரியா ஒரு வருஷம் கழிச்சு வர்ற அதே தேதியோட இடத்துல இருந்து கழிச்சு, வந்த எல்லா எண்ணையும் வரிசைப்படுத்தி நடு எண்ண எடுங்க. ஒரே தேதிங்கறதால பருவ ஆட்டம் கழிஞ்சுடும், ஆன்டெனா மாத்தின நாள்ல வர்ற தாவல் நடு எண்ண பெருசா அசைக்காது. ரெண்டரை வருஷத்துக்கு கம்மியான டேட்டாவ வேகத்துக்கு நம்பாதீங்க.

ஆனா பார்க்ஃபீல்டு பக்கத்து ஸ்டேஷன எடுத்தா கிராஃப கண்ணால பார்க்காம எந்த கணக்கும் போடாதீங்க. 2003 டிசம்பர் 22 சான் சிமியோன் நிலநடுக்கம், அளவு 6.5, அதுல ஒரு தாவல். 2004 செப்டம்பர் 28 பார்க்ஃபீல்டு நிலநடுக்கம், அளவு 6.0, அதுல ஒரு பெரிய தாவல், அதுக்கப்புறம் முதல்ல வேகமா அப்புறம் மெதுவா வருஷக்கணக்குல ஊர்ந்துட்டே போற ஒரு வளைவு. அந்த ஊர்தலுக்கு நடுவுல எடுத்த வேகம் அந்த ஃபால்ட்டோட சாதாரண வேகம் கிடையாது. 1857ல இருந்து 1966 வரைக்கும் ஆறு தடவை ஏறக்குறைய 22 வருஷத்துக்கு ஒருக்க ஆடின இடம் அது, அடுத்தது 1993க்குள்ள வரும்னு எதிர்பார்த்து சுத்தி கருவியா நட்டு வச்சாங்க, வந்தது 2004ல, அதுக்கு முன்னாடி நிலம் எந்த தெளிவான சைகையும் காட்டல. அதனால உங்க கிராஃப்ல ஒரு வாரம் ரெண்டு மில்லிமீட்டர் ஏறினத வச்சு யாரையும் பயமுறுத்தாதீங்க, அனேகமா அது ஆன்டெனா மேல பனியா இருக்கும். எவ்ளோ சேர்ந்திருக்குன்னு மட்டும் சொல்லலாம். கரீசோல கடைசியா 1857 ஜனவரில 7.9 அளவுல ஆடிச்சு, அதுல இருந்து 34 மில்லிமீட்டர் வீதம் போட்டா இன்னைக்கு 5 மீட்டருக்கு மேல பாக்கி நிக்குது.

கடைசியா, எதையும் தூக்கிப் போடாதீங்க. கணக்கு போட்ட விடைய விட மூல ஃபைல், கையால எழுதின லாக் ஷீட், புள்ளிக்கு எப்படி போறதுன்னு வரைஞ்ச படம், டேப் போட்டோ இதெல்லாம் தான் விலைமதிப்பு. 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு அப்புறம் ரீட்ங்கறவர் நிலம் வளைஞ்சு வளைஞ்சு தான் உடையுதுன்னு சொன்னது, 1850கள்ல இருந்து சர்வேயர்கள் மலை உச்சியில அளந்து எழுதி வச்சுட்டுப் போன பழைய நோட்டுகள புது அளவோட ஒப்பிட்டுப் பார்த்து தான். அவங்களுக்கு நிலநடுக்கம் மனசுலயே இல்ல, கடற்கரை மேப் வரைய அளந்தாங்க, ஆனா புள்ளி எங்க இருக்குன்னு சுத்தமா எழுதி வச்சாங்க. உங்க லாக் ஷீட்லயும் பின்னோட தலையில என்ன பொறிச்சிருக்கு, பக்கத்து பெரிய பாறையில இருந்து எத்தனை மீட்டர், எந்த திசை, வண்டி எங்க நிறுத்தணும், வேலியோட கேட் எந்தப் பக்கம்னு எழுதி, ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வச்சுட்டு அடுத்த வருஷத்துக்கு பேட்டரிய சார்ஜ் போட்டு மூட்டை கட்டுங்க.